உடனிருந்தவர்

அந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது கலைவாணியின் அண்ணன் மோகன் போனில், "சாவு நடந்த வீட்டுக்குப் போயி கேள்வி கேக்கற வேலையா?" என்றான்.

"உடனே போக மாட்டோம்ணா. அஞ்சாறு மாசம் ஆனப்புறந்தான் போவோம்."

"சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான். அவன் கோயம்புத்தூரில் இருந்தான். அடுத்த போன் தீபாவளிக்குத்தான் வரும் என்பது கலைவாணிக்குத் தெரியும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவள். சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தையல் பிசகியதைத் தனியே எடுத்துப் போடுகிற வேலை. கம்பெனி வேறு மாவட்டத்துக்கு மாறியபோது கூட வருகிறாயா என்று கேட்டார்கள். அம்மா படுக்கையில் இருந்ததால் போகவில்லை. அப்பாவுக்கு ஆறு வருஷம், அம்மாவுக்கு நாலு வருஷம் என்று பார்த்து முடிப்பதற்குள் கல்யாணப் பேச்சு தானாகவே நின்றுபோயிருந்தது. அம்மாவும் போன பிறகு வாடகை குறைவு என்று திருநின்றவூரில் முதல் மாடியில் ஓர் அறை பிடித்தாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கீழ்வீட்டுக்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் மாலை வரை அந்தக் கட்டடத்தில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்தான்.

வேலையைக் கொடுத்தது வேலப்பன்சாவடிப் பக்கம் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி. வெளியே எவ்வளவு வெயில் அடித்தால், எவ்வளவு குளிர்ந்தால், ஊரில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. களப்பணிக்கு ஆறு பேரை எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளன் பிரசன்னா. முப்பது வயதிருக்கும், யாரையும் அதட்டாதவன். பயிற்சியின் முதல் நாள் போர்டில் ஒரு கோடு வரைந்தான். இரண்டு பக்கமும் ஏறி, நடுவில் பள்ளமாக இருந்தது.

"இந்தப் பக்கம் குளிரு, அந்தப் பக்கம் சூடு. நடுவுல ஒடம்புக்குத் தோதான நாளுங்க. கோடு ஏறினா சாவு ஏறுதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல குளிரான்னு கேப்பீங்க. மார்கழிலயும் வயசானவங்க கொஞ்சம் அதிகமாத்தான் போறாங்க. ஆனா எங்கயும் வெயில்னாலயோ குளிர்னாலயோன்னு எழுத மாட்டாங்க. நெஞ்சு வலின்னு எழுதுவாங்க, கிட்னின்னு எழுதுவாங்க. அதனாலதான் நாம நேர்ல போய்க் கேக்கறோம். கடைசி ஏழு நாள் எப்படி இருந்தாங்க, எங்க படுத்தாங்க, மேல என்ன கூரை, ஃபேன் ஓடிச்சா, தண்ணி குடிச்சாங்களா, எல்லாத்தையும்."

கையில் பெரிய போன் போன்ற ஒரு டேப் கொடுத்தார்கள். கேள்விகள் அதில் இருந்தன. பதில் சொல்கிறவர் இறந்தவரோடு கடைசி ஏழு நாளும் ஒரே வீட்டில் இருந்தவராக இருக்க வேண்டும். அதுதான் முதல் விதி. டேப்பில் அந்தக் கட்டத்துக்கு 'உடனிருந்தவர்' என்று பெயர்.

கலைவாணிக்கு அந்த வேலை பிடித்துப்போனது. அது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று தெருத் தெருவாக அலைவாள். கதவைத் தட்டும்போது முகம் சுளிப்பவர்கள்கூட, "அவங்க கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவரை அதை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம், சில வீடுகளில் இரண்டு மணி நேரம்கூடப் பேசுவார்கள். மோர் கொடுப்பார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசிக் கேள்வி முடிந்து டேப்பை மூடியதும், "வரேன்மா" என்று எழுந்து வந்துவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டாவது தடவை போகக்கூடாது. தெருமுனை வரை வந்த பிறகுதான், அன்றைக்கு வேறு யாரும் தன்னோடு பேசப் போவதில்லை என்பது நினைவுக்கு வரும்.

பட்டியலில் இருநூற்றுப் பதினேழாவது பெயர் தசரதன். வயது எழுபத்தொன்று. திருமுல்லைவாயல். இறந்த தேதி மே ஏழு.

அவள் போனது டிசம்பர் தொடக்கத்தில். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. இரண்டு மாடிக் கட்டடம். கீழே வாசலில் கன்னியம்மாள் என்ற அறுபது வயதுப் பெண் இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் பத்து வருஷமாகக் குடியிருப்பவள்.

"தசரதன் வீடு எங்கக்கா?"

கன்னியம்மாள் கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நீ இன்னா, கவர்மெண்டா?"

கலைவாணி விளக்கினாள்.

"அவரு மொட்ட மாடி ரூம்ல இருந்தாரு. இப்ப வேற ஆளு கீறாங்க. தனியாத்தான் இருந்தாரு. யாரும் கெடயாது."

டேப்பில் 'உடனிருந்தவர்' கட்டத்தில் உறவு கேட்டது. மனைவி, கணவன், மகன், மகள் என்று வரிசையாக இறங்கி, கடைசியில் இருந்த 'மற்றவர்' என்பதைத் தொட்டாள். ஒரே வீட்டில் வசித்தவரா என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்று அழுத்தியதும் திரையில் 'நன்றி' என்று ஒரு சொல் வந்து படிவம் தானாக மூடிக்கொண்டது.

இப்படி மூடிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. முன்பும் இரண்டு மூன்று தடவை ஆகியிருக்கிறது. அடுத்த பெயருக்குப் போய்விட வேண்டும். ஆனால் கன்னியம்மாள் பேச்சை நிறுத்தவில்லை.

"ஏழாந்தேதின்னா எழுதி வச்சிக்கீறாங்க? ஏழாந்தேதிதான் நாங்க கதவ ஒடச்சோம். அவரு போயி ரெண்டு நாளு ஆயிருக்கும்னு போலீஸ்காரரு சொன்னாரு."

பட்டியலில் இருந்த சாவுத் தேதிகூட அவருடையதில்லை. கலைவாணி பையிலிருந்து பயிற்சியின்போது கொடுத்த காகிதப் படிவத்தை எடுத்தாள். எதற்கு எடுக்கிறோம் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, "கடைசி வாரம் எப்படிக்கா இருந்தாரு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்தாரு. எஸ்டேட்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல முப்பது வருசம் சமையல் பண்ண ஆளு. தெனம் என்னாண்ட ரெண்டு கரண்டி மாவு வாங்குவாரு, தோசைக்கு. அந்த வாரம் வாணாம்னுட்டாரு. கல்லு முன்னாடி நிக்க முடிலம்மான்னாரு." சொல்லிவிட்டுக் கன்னியம்மாள் தெருவைப் பார்த்தாள். "அடுப்பாண்டயே வாழ்ந்த மனுசன் இப்டிச் சொல்றாரேன்னு எனக்கு அப்ப தோணல பாரு."

"ராத்திரில எங்க படுப்பாரு?"

"ரூம்லதான். வெளிய படுத்தா கொசு புடுங்கும்னுவாரு. ராத்திரி முச்சூடும் தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். தரைல ஊத்தி அதும் மேல படுப்பாரு போல. எம் மவன் திட்டுவான், தண்ணிய இப்டி வேஸ்ட் பண்றாரேன்னு. ஒரு நாளு சத்தம் கேக்கல. அப்பாடா, இன்னிக்கு நல்லா தூங்குறாருன்னு நெனச்சேன்."

மாவு வாங்க ஒருவர் வந்தார். கன்னியம்மாள் எழுந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஃபேன் இருந்ததாக்கா ரூம்ல?"

"ஷீட்டு வூட்ல மேல எங்க மாட்டுவாங்க? டேபிள் ஃபேன் ஒண்ணு வச்சிருந்தாரு. அது ஓடலன்னு பாய் கடைல குடுத்திருந்தாரு."

பாய் கடை அடுத்த தெருவில் இருந்தது. ஹாஜா மொய்தீன் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுகிறவர். கலைவாணி போனபோது ஒரு மிக்ஸியைப் பிரித்து வைத்திருந்தார். தசரதன் பெயரைச் சொன்னதும் எழுந்து, உள்ளே அலமாரிக்கு மேலிருந்து ஒரு டேபிள் ஃபேனை இறக்கி அவள் முன்னால் வைத்தார். தூசி படியாமல் பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது.

"வெயில் நேரத்துல எங்களாண்ட நிக்க எடம் இருக்காதும்மா. ஊர்ல கீற ஃபேன் அத்தனயும் இங்கதான் இருக்கும். மூணு நாள் ஆவும்னேன். வேற ஒரு பழைய ஃபேன் தரேன், அதுவரைக்கும் வச்சிக்கோங்கன்னேன். வாங்கல. அடுப்பாண்ட நின்ன ஒடம்பு பாய், மூணு நாள்ல இன்னா ஆயிடும்னு சிரிச்சாரு."

"எந்தத் தேதில குடுத்தாருன்னு ஞாபகம் இருக்குதா?"

"கத்திரி ஆரம்பிக்கறதுக்கு மொத நாளு." அவர் ஃபேனின் கூண்டைத் துணியால் துடைத்தார். "நான் வற்புறுத்தி கைல குடுத்திருக்கணும்."

கலைவாணி அதைப் படிவத்தில் எழுதவில்லை. அதற்கான கட்டம் அதில் இல்லை.

திரும்பி வந்தபோது கன்னியம்மாள் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரில் எழுதி வைத்திருந்த ஒரு நம்பரைக் காட்டினாள். யாரும் கிடையாது என்றாளே தவிர, தசரதனுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் கிருஷ்ணப்பிரியா. ஓசூரில் இருக்கிறாள். போலீஸ் கூப்பிட்டதும் புருஷனோடு வந்தாள். ஆஸ்பத்திரியிலேயே உடம்பை வாங்கி, அங்கிருந்தே நேராக எரிக்க எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுப் பக்கம் வரவில்லை.

கூட இல்லாத மகள் விதிப்படி பதில் சொல்ல முடியாது. போனில் கேட்கவும் கூடாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கலைவாணி அந்த நம்பரை அழுத்தினாள். யார், எதற்கு என்று சொன்னாள்.

"நான் என்னங்க சொல்லப் போறேன்?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. குரலில் கோபம் இல்லை. "நாலு வருஷமா நாங்க பேசவே இல்ல. எங்கம்மா போற அன்னிக்கு அவரு கேன்டீன்ல இருந்தாரு. நான் பத்து தடவ போன் பண்ணேன். சமையல் நேரம்னு எடுக்கல. அதுக்கப்புறம் அவரு பண்ணப்பல்லாம் நான் எடுக்கல."

கலைவாணி, "சரிங்க, தொந்தரவு பண்ணிட்டேன்" என்று வைக்கப் போனாள்.

"நீங்க அந்த ஊட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. சாப்ட்டாரா?"

கலைவாணி எழுந்து காகிதப் படிவத்தை எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை மாதங்களில் கேள்வி கேட்பது அவளுக்குப் பழகியிருந்தது. பதில் சொல்வது வரவில்லை. எழுதியிருந்ததை அப்படியே படித்தாள். கடைசி நாலு நாள் மோரும் வாழைப்பழமும். கடைக்குப் போய் அவரே வாங்கிவந்தது. சனிக்கிழமை சாயங்காலம் படியிறங்கிவந்து கன்னியம்மாளிடம் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கியது. ராத்திரி தரையில் தண்ணீர் ஊற்றியது.

"யாரையாச்சும் கூப்ட்டாரா? சத்தம் ஏதாச்சும்?"

"யாரும் கேக்கலம்மா."

"ஃபேன் இருந்துச்சே. நான் மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது."

கலைவாணி கொஞ்சம் தயங்கினாள். சொல்லாமல் விட்டுவிடலாம். சொன்னால் இனி அந்தப் பெண் ஒவ்வொரு கோடையிலும் அதை நினைப்பாள். ஆனால் சொல்லாமல் விட்டால், அது தெரிந்த மூன்று பேருக்குள்ளேயே நின்றுபோகும்.

"ரிப்பேருக்குக் குடுத்திருந்தாரு. பாய் வேற ஃபேன் தரேன்னாராம். வாணாம்னுட்டாராம்."

மறுமுனையில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. கிருஷ்ணப்பிரியா அதை நிறுத்தப் போகவில்லை. இன்னொரு விசில் வந்தது. பிறகு, "அவரு அப்படித்தான்" என்றாள். "கட எங்க இருக்கு?"

கலைவாணி வழி சொன்னாள்.

"தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள். மேடம் என்றோ, ஏங்க என்றோ சொல்லவில்லை. அன்று மாலை வரை கலைவாணி போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். திரும்ப அழைப்பு வரவில்லை.

மறுநாள் கல்லூரியில் காகிதப் படிவத்தைப் பிரசன்னாவிடம் கொடுத்தாள். அவன் முழுதும் படித்தான்.

"அக்கா, நாம எடுத்த முன்னூறு படிவத்துல இவ்ளோ தெளிவா ஒண்ணுகூட இல்ல. ஆனா சேத்துக்க முடியாது. ஒருத்தர்தான் சொல்லியிருக்கணும். அவங்க கூட இருந்திருக்கணும்."

"அப்ப தனியா இருந்தவங்க யாரும் உள்ள வர மாட்டாங்களா சார்?"

"விதி அப்படி."

"எத்தன பேரு இப்படி வெளிய போயிருக்காங்க?"

பிரசன்னா கம்ப்யூட்டரில் தேடினான். இருபத்து மூன்று. "எந்தெந்த மாசம்னு பாருங்க சார்" என்றாள். பார்க்கிறேன் என்றான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"பதினாலு பேரு மே மாசம் கத்திரி உச்சத்துல இருந்த ரெண்டு வாரத்துல. மூணு பேரு மார்கழி." அவன் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "நம்ம கோட்டுல வெயில் பக்கம் காட்டறத விட உண்மைல செங்குத்தா ஏறணும்க்கா. ஏற வேண்டியவங்கள நாமளே எடுத்து வெளிய வச்சிருக்கோம்."

அன்று ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளுக்கு வேறு யாரையும் விடத் தன்னைப் பற்றியே நினைப்பு ஓடியது. ஷீட் கூரை. பேச்சுத் தொடர்பில்லாத கீழ்வீடு. அண்ணன் தீபாவளிக்கு. அவளுக்கும் படிவம் இரண்டாவது கேள்வியிலேயே மூடிக்கொள்ளும். பயமாக இருக்கவில்லை. கொஞ்சம் அவமானமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரியில் ஹாஜா மொய்தீன் போன் செய்தார். அவள் அன்று விட்டுவந்த நம்பரை வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு வந்து ஃபேன வாங்கினு போச்சும்மா. கன்னியம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசிகினு இருந்துச்சு. புருசன் வண்டிலயே குந்திகினு இருந்தாரு."

"எப்ப பாய்?"

"நேத்து."

நேற்று கலைவாணி இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஆவடியில்தான் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். அவர்களுக்குள் நடக்க வேண்டிய பேச்சு அது. ஆனாலும் அன்று முழுவதும் மனசு சுணங்கியே இருந்தது. பிறகு அப்படிச் சுணங்கியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மார்ச்சில் ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். களப்பணியாளர்களையும் கூப்பிட்டு, பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏசி ஹால். பேராசிரியர், நரைத்த முடியுள்ள ஓர் அம்மையார், திரையில் அந்தக் கோட்டைக் காட்டினார். இப்போது கோட்டின் மேல் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள் என்றார். பகல் சூட்டைவிட, இரவில் தணியாத சூடுதான் அதிகம் கொல்கிறது என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருந்தவர்களின் எண்ணிக்கையைத் தனியே காட்டினார். எல்லாம் கலைவாணியும் மற்ற ஐந்து பேரும் வெயிலில் நடந்து கொண்டுவந்தவை.

கேள்விகள் உண்டா என்றபோது டாக்டர்கள் இரண்டு பேர் ஆங்கிலத்தில் கேட்டார்கள். பிறகு பின்வரிசையில் கலைவாணி எழுந்து நின்றாள். மைக் வரும்வரை காத்திருந்தாள்.

"மேடம், நான் ஃபீல்டு. கூட யாராவது இருந்து, அவங்க சொன்னாத்தான் நம்ம கணக்குல வருது. தனியா இருந்து செத்தவங்க இருபத்து மூணு பேரு இதுல இல்ல. அவங்களுக்குத்தான் ஃபேன் வாங்கிக் குடுக்கவோ, தண்ணி குடின்னு சொல்லவோ ஆளில்லாம இருந்தது. வெயில் அதிகமா யாரக் கொண்டுபோச்சோ அவங்க இந்தப் படத்துல இல்ல மேடம்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "உங்க பேரு?" என்று கேட்டார். சொன்னாள்.

"நீங்க சொல்றது சரி கலைவாணி. இத இப்ப மாத்த முடியாது. முறைன்னு ஒண்ண எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியிருக்கோம். ஆனா கட்டுரைல எழுதணும். எழுதறோம்."

கூட்டம் முடிந்து டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். பேராசிரியர் பக்கம் டாக்டர்கள் சூழ்ந்து நின்றார்கள். கலைவாணி சமோசாவைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பூந்தமல்லி பஸ் பிடிக்க நடந்தாள்.

கட்டுரை வெளிவரப் பல மாதம் ஆனது. பிரசன்னா வாட்ஸாப்பில் அனுப்பினான். பதினோரு பக்க ஆங்கிலம். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இரண்டு வாக்கியங்களுக்கு மஞ்சள் பூசியிருந்தான். அவள் தமிழ் மீடியத்தில் பி.காம். படித்தவள். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். தனியாக வாழ்ந்து இறந்த இருபத்து மூன்று பேர் இதில் சேர்க்கப்படவில்லை, அதனால் வெப்பத்தின் பாதிப்பு இங்கே குறைத்தே சொல்லப்பட்டிருக்கலாம் என்று இருந்தது. பெயர்கள் இல்லை. அவள் கேட்கவும் இல்லை. 'பார்த்தேன் சார், நன்றி' என்று பதில் போட்டாள். அவன் ஒரு கும்பிடு போட்டான். அதற்குப் பிறகு அவன் வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

இப்போது கலைவாணி செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு மருந்து குடோனில் வேலை பார்க்கிறாள். பெட்டிகளில் தேதியும் எண்ணும் சரியா என்று பார்க்கிற வேலை. உள்ளே எப்போதும் எட்டு டிகிரி. சித்திரை வெயிலிலும் பெண்கள் ஸ்வெட்டர் போட்டு, தலைக்கு மஃப்ளர் சுற்றி, வரிசையாக நிற்கிறார்கள். மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து இரும்புக் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அறையும். மற்றவர்கள் கம்பெனி வேனில் ஏறிக்கொள்வார்கள். அவளுடைய வழிக்கு வேன் கிடையாது. ஸ்வெட்டரை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்து முடித்துவிட்டு, ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்கு நிற்பாள்.